பதில்: அம்பர் பதக்கத்துக்குள் இருப்பது டிரோபிடோகைன் பூதானா?

வணக்கம். பர்மா அம்பர் (புதைந்து கல்லான பழைய மரப்பிசின்) என்று வாங்கிய பதக்கத்தில் 2 செ.மீ. அகலத்துக்கு ஐந்திதழ் மஞ்சள் பூ இருக்கிறது, அதை டிரோபிடோகைன், அதாவது அம்பருக்குள் புதைபடிவமாகக் கிடைத்த, அழிந்துபோன பூவினம் என்று சொல்லி விற்றார்கள் என்கிறீர்கள். அளவே இடிக்கிறதே! 2017-இல் ஆய்வாளர்கள் போய்னரும் சேம்பர்ஸும் விவரித்த டிரோபிடோகைன் பென்டாப்டெரா என்ற இனத்தின் பூக்கள் 3.4 முதல் 5 மி.மீ. வரைதான்.

அப்புறம், டிரோபிடோகைனில் இதழ் போல ஐந்தாக விரிந்திருப்பவை அல்லிதழ்கள் அல்ல, மொட்டை வெளியே மூடியிருக்கும் புல்லிதழ்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அவற்றில் நரம்புகள் தெளிவாக ஓட வேண்டும். அடியில், புல்லிதழ்களுக்குக் கீழே, வரிவரியாக மேடு தட்டிய சூலகம் இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்; சுமார் 9.9 கோடி ஆண்டு கிடந்த பூ பெரும்பாலும் பழுப்பேறித்தான் இருக்கும்.

கல்லைச் சோதிக்க, உலோகக் கொக்கியைக் கழற்றிவிட்டு, உப்பு இனி கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரில் போடுங்கள். மூழ்கினால் அம்பர் இல்லை. மிதந்தாலும் முடிவு கட்ட வேண்டாம், கோபால் என்ற இளம் பிசினும் மிதக்கும். பூவுக்குத் தள்ளி ஓர் ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன் விடுங்கள். பிசுபிசுத்தால் அது கோபாலாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். சூடான ஊசியால் குத்தச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம்.

என் கணிப்பு, செயற்கைப் பிசினில் பதித்த இன்றைய பூ. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றாக வேறொரு 'அசல்' துண்டு தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பர்மா அம்பர் வரும் மியான்மரின் கச்சின் பகுதிச் சுரங்கங்களைச் சுற்றிப் போரே நடந்திருக்கிறது; அந்த வியாபாரத்துக்கு நம் பணம் போக வேண்டாம்.