தண்ணீர்ச் சுத்திகரிப்பைக் குறைந்த செலவில் கண்காணிக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதுமா?

போதாது. நீங்களும் ஏதோ ஒரு குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு விழிப்பவர் என்றே எண்ணுகிறேன். தாம்பரத்துக்கு அப்பால் உள்ள எங்கள் குடியிருப்பில் நானும் இரண்டாண்டுகள் அந்த மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் அளவாக மாற்றிக் காட்டும் கருவி. கிருமியையும் அது அறியாது, குளோரினையும் அறியாது.

ஒரு மழைக்காலத்தில் மேல்மாடிக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீர்தான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பயந்துபோய், நீச்சல்குளப் பொருள்கள் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்குக் குளோரின் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தேன். கிருமிநீக்க மருந்தான பிளீச்சிங் பவுடரைக் கலந்து அரைமணி நேரம் கழித்து, சம்ப் எனும் தரைக்கடித் தொட்டியின் தண்ணீரில் பெட்டியிலிருந்த சொட்டை விட்டுப் பார்த்தால், குளோரின் இருப்பதைக் காட்டும் நிறம் மங்கலாகத்தான் வந்தது. கடைசி மாடிக் குழாயில் நிறமே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி, குளோரினிட்ட நீர் வீட்டுக்குழாயை அடையும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும்.

பம்ப் ஆபரேட்டரைக் கடிந்துகொண்டேன். அவரோ, 10,000 லிட்டருக்கு 60 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கை ஒருநாளும் தவறவிடாதவர். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும் என்றால், அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும், கணக்கு சரிதான். சிக்கனம் காட்டுவதற்காக நானே மொத்தமாக வாங்கிய மூட்டை, வாய் திறந்தபடி ஈரமான மோட்டார் அறையில் நான்கு மாதம் கிடந்து வீரியம் இழந்திருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆய்வகத்துக்கு அனுப்பாமல் இதென்ன விளையாட்டு என்று சிலர் இங்கே சீறுவார்கள். ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்கு ஆய்வகம் வேண்டும், நாங்களும் அனுப்புகிறோம். ஆனால் அந்த அறிக்கை மாதிரி எடுத்த நாளின் தண்ணீரைப் பற்றியது; இன்று காலை கலந்த மருந்து வேலை செய்ததா என்பதை அந்தச் சோதனைச் சொட்டுதான் சொல்லும். கலங்கலையும் விட்டுவிடாதீர்கள்: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம், கலங்கிய நீரில் குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். கிருமிக்கு, மலக்கலப்பு இருந்தால் ஓரிரு நாளில் கறுக்கும் ஹெச்2எஸ் குப்பி உண்டு. குளோரின் எஞ்சாத குழாயின் நீரை அதில் நிரப்பிவைத்துப் பாருங்கள்.

இப்போது பவுடரைச் சிறு பொட்டலங்களாக வாங்கி, பிரித்த தேதியை மேலே எழுதிவைக்கிறோம். அதனால் கூடிய செலவுக்குப் பொதுக்குழுவில் இன்னும் என்னிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.