வாசகர் கேள்வி – பதில்: கோழியின் உடலில் உறங்கும் வைரஸ்

கேள்வி: பொரிப்பகத்திலேயே மேரக்ஸ் தடுப்பூசி போட்ட குஞ்சுகளைத்தான் வாங்கினேன். நான்கு மாதம் குறையின்றி வளர்ந்த கோழிகளில் சில, முட்டையிடத் தொடங்கும் சமயத்தில் கால் முடங்கி இறக்கின்றன. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் மேரக்ஸ் நோய்தான் என்கிறார். இவ்வளவு நாளும் அந்த வைரஸ் எங்கே இருந்தது?

– முட்டைக்கோழிப் பண்ணையாளர், நாமக்கல் மாவட்டம்

பதில்: கோழியின் வெள்ளையணுக்களுக்குள்ளேயே இருந்தது. பெரும்பாலும் குஞ்சுப் பருவத்திலேயே, கொட்டகைத் தூசியுடன் மூச்சுவழியாக நுரையீரலுக்குள் போயிருக்கும்.

கோழிகளுக்குப் புற்றுநோய்க் கட்டியும் கால் முடக்கமும் உண்டாக்கும் மேரக்ஸ் வைரஸ், ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மை கண்டவருக்குப் பல ஆண்டுகள் கழித்து அக்கி வருவதற்கும் இதே குடும்பத்து வைரஸ்தான் காரணம்; ஆனால் அது நரம்பணுக்களில் பதுங்குகிறது, இதுவோ ‘டி’ வகை வெள்ளையணுக்களில் பதுங்குகிறது. உடலுக்குள் நுழைந்த முதல் வாரத்தில் மண்ணீரல் போன்ற உறுப்புகளில் பெருகி அணுக்களை அழிக்கும் வைரஸ், ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது. அப்போது அது தன் மரபுப்பொருளைக் கோழியின் குரோமோசோம் முனைகளான டீலோமியர்களோடு இணைத்துக்கொள்கிறது. டீலோமியரில் திரும்பத் திரும்ப வரும் மரபு எழுத்துவரிசையே வைரஸிடமும் இருப்பதால்தான் இந்த இணைப்பு எளிதாகிறது. ஆய்வகத்தில் அந்த வரிசையை நீக்கிப் பார்த்தபோது, கட்டி உண்டாக்கும் திறன், உறக்கத்திலிருந்து மீளும் திறன் இரண்டுமே குன்றின.

வைரஸ் விழித்தெழுவதால்தான் கட்டி வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு பாதைகள். உறங்கும் வைரஸைத் தாங்கிய அணுவில் ‘மெக்’ என்ற வைரஸ் மரபணு வேலை செய்து, அந்த அணுவைக் கட்டுப்பாடின்றிப் பெருகவைக்கும்போது கட்டி உண்டாகிறது. கட்டியின் அணுக்களில் பெரும்பாலானவை வைரஸை உற்பத்தி செய்வதே இல்லை. விழித்தெழும் வைரஸோ, இறகு முளைக்கும் குழிகளின் தோலணுக்களைச் சென்றடைந்து முழுமையான, தொற்றக்கூடிய வைரஸாக உருவாகி, உதிரும் செதில்களோடு வெளியேறுகிறது. உடலுக்கு வெளியே அது பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். இடமாற்றம், நெரிசல், முட்டையிடத் தொடங்கும் பருவத்தின் அயர்ச்சி ஆகியவை நோயெதிர்ப்பைத் தளர்த்தும்போது, விழிப்புக்கும் கட்டிக்கும் சேர்த்தே வழி திறக்கிறது.

1907இல் புடாபெஸ்டில், இந்நோய்க்குப் பெயர் தந்த ஜோசப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர், கால் முடங்கிய சேவல்களைப் பார்த்து இந்த நோயை நரம்பழற்சி என்றே விவரித்தார். அவர் கண்ட நரம்பு வீக்கம் உண்மைதான். ஆனால் நரம்பைப் பருமனாக்குவது அதற்குள் புகுந்து குவியும் வெள்ளையணுக்களே. ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாகக் கோழி கிடப்பதும் இதனால்தான்.

தடுப்பூசி கட்டியைத் தடுக்கிறதே தவிர, தொற்றையும் வைரஸ் வெளியேற்றத்தையும் முழுதாகத் தடுப்பதில்லை. அது பலன்தரச் சில நாட்களாகும்; அதற்குள் குஞ்சு பழைய தூசியில் இறங்கினால் வைரஸ் முந்திக்கொள்ளும். திரவ நைட்ரஜனில் வைக்கும் வகை மருந்தை உருக்கிக் கலக்கியபின் தாமதித்தாலும் வீரியம் குறையும். எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் முன் கொட்டகையின் கூளத்தையும், கூரையிலும் வலையிலும் படிந்த தூசியையும் அகற்றிக் கழுவி, வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒன்றாக வைக்காமல், முதல் இரண்டு வாரங்களாவது குஞ்சுகளைத் தனியே காப்பது அவசியம்.

கேள்வி: அந்தக் கோழிகளின் முட்டை வழியாக நோய் பரவுமா? மனிதருக்கு வருமா?

பதில்: மேரக்ஸ் முட்டைக்குள் கடப்பதில்லை; மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக அறியப்படவும் இல்லை. இதைப்போலவே கட்டிகளை உண்டாக்கும் லிம்பாய்டு லுகோசிஸ் என்ற வேறொரு வைரஸ் நோய் முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும். அதுவும் நான்கு மாத வயதுக்குப் பிறகே தலைகாட்டும் என்பதால், உங்கள் கோழிகளின் திசு மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள்.