ஓ'பிரையனில் இருக்கும் ஓ

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சிற்றிதழில் ஐரிஷ் எழுத்தாளர் எட்னா ஓ'பிரையன் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. மெய்ப்புப் பார்க்கும்போது அவர் பெயரில் சிக்கிக்கொண்டோம். 'ஓ. பிரையன்' என்று புள்ளி வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர், 'ஓ பிரையன்' என்று இடைவெளி விட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். அந்த ஓ நம்முடைய தலைப்பெழுத்து போன்றதா?

பிரையன் போரு என்ற அரசர்தான் ஐரிஷ்காரர்கள் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார், ஓ'பிரையன்கள் எல்லோரும் அவருடைய வாரிசுகள் என்று ஓரிடத்தில் படித்தேன். இது உண்மையா?

கடைசியாக ஒன்று. போத்தனூரைச் சேர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர், ரயில்வே குடும்பம். அவருடைய அம்மாவின் அப்பாவழித் தாத்தா ஓர் ஓ'பிரையன். அயர்லாந்தில் எந்த ஊர் என்று தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. 'ஓ'பிரையன் குடும்பச் சின்னம்' என்று கேடயப் படம் ஒன்றைச் சட்டமிட்டு விற்கிறார்களாம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

ஒரு வாசகர், கோவை


அன்புள்ள நண்பருக்கு,

இதழ் அச்சுக்குப் போகும் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: புள்ளி வேண்டாம். ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் ஓ, ஓமந்தூர் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம். ஓ'பிரையனின் ஓ எதற்கும் சுருக்கமில்லை. அது ஒரு முழுச்சொல், 'பேரன்' என்று பொருள்.

அயர்லாந்தில் ஓகம் என்ற பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளில் இந்தச் சொல் 'அவி' என்று வருகிறது. பின்னாளில் 'உவா' ஆகி, கடைசியில் தேய்ந்து 'ஓ' ஆயிற்று. பேரன் என்ற பொருளும் விரிந்து, வழித்தோன்றல் என்றானது. நமக்கு இது எளிதில் புரியும். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுவே பேரன். இரண்டு மொழிகளிலும் பெயர் போய்ச் சேருவது தாத்தாவிடம்தான். ஆனால் ஐரிஷில் மகனைக் குறிக்கும் 'மக்' என்ற சொல்லையும் நம் 'மகன்' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்து உறவு கட்ட வேண்டாம். அது தற்செயலான ஒலி ஒற்றுமை மட்டுமே.

தலைப்பெழுத்திலிருந்து இது வேறுபடும் இடம் முக்கியமானது. நம் தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிரையன் போருவின் பேரன் டர்லோ, 1086-இல் இறந்தவர். அவரை 'உவா பிரியன்' என்றால் அது அப்படியே உண்மை, பிரையனின் பேரன். அவருடைய மகன் மர்டா 1119-இல் இறந்தார். உறவுக் கணக்குப்படி அவர் கொள்ளுப்பேரன். இருந்தும் அவரும் உவா பிரியன்தான். சொல் உறவைக் குறிப்பதை விட்டுக் குடும்பத்தைக் குறிக்கத் தொடங்கிய இடம் இது. குடும்பப்பெயர் உறைந்தது இப்படித்தான்.

ஐரிஷில் எழுதும்போது மேற்குறியும் (') கிடையாது. ஓ-வின் தலையில் நெடிலைக் காட்டும் ஒரு சாய்கோடு மட்டும் இருக்கும். மேற்குறி ஆங்கில எழுத்தர்கள் வைத்தது. அதைப் பார்த்துத்தான் 'ஆஃப்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்ற தவறான விளக்கம் பரவியது. தமிழில் ஓ-வே நெடில் என்பதால் உச்சரிப்புக்காக மேற்குறி தேவையில்லை. 'ஓபிரையன்' என்று சேர்த்தே எழுதலாம். ஆங்கில வடிவத்தை நினைவூட்ட வேண்டுமென்றால் 'ஓ'பிரையன்' என்று எழுதலாம். இதழ் முழுக்க ஒரே வடிவம் இருந்தால் சரி. குறில் ஒ வேண்டாம். இடைவெளியும் வேண்டாம். இடைவெளி விட்டால் வரி முறியும்போது ஓ தனியாக மேல்வரியின் கடைசியில் நின்றுவிடும், வாசகர் அதை விளிச்சொல்லாகப் படிப்பார். ஓ-வுக்குப் பின் இடைவெளி விட்டு மேற்குறி தட்டினால் கணினி அதைத் திறக்கும் மேற்கோள்குறியாக மாற்றிவிடும் என்பதையும் கவனியுங்கள். பெயரடைவில் பி-யில் சேர்க்காமல் ஓ-வில் சேருங்கள்.

எட்னாவைப் பற்றி எழுதுவதால் இன்னொன்று. ஓ என்றால் பேரன் என்பதால் ஐரிஷில் பெண்களுக்கு அது வராது. மகளாகப் பிறந்தவர் 'நீ வ்ரியன்', மணமாகி வந்தவர் 'பான் ஈ வ்ரியன்'. பெயரின் முதல் மெய்யெழுத்தே ப-விலிருந்து வ-வாக மாறுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு முழுவதும் அழிந்து எல்லோரும் ஓ'பிரையன் ஆகிவிடுகிறார்கள். எட்னா ஆங்கிலத்தில் எழுதியவர், அவர் வைத்துக்கொண்ட வடிவமே உங்கள் கட்டுரையில் இருக்கட்டும். அது கணவர் வழி வந்த பெயர் அல்ல, பிறந்த வீட்டுப் பெயர். 1930-இல் கிளேர் மாவட்டத்தின் டூம்கிரேனியில் பிறந்தார், 2024-இல் மறைந்தார். அந்த ஊர் பிரையன் போருவின் சொந்த மண்ணான கில்லலோவுக்குப் பக்கம்.

இனி அரசர். குடும்பப்பெயர் ஆணை என்பது பிற்காலக் கதை. 916-இல் இறந்த ஒருவரை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் ஓ கிளேரி என்ற பெயரோடு பதிவு செய்திருக்கின்றன. பிரையன் பிறந்தது 941-ஐ ஒட்டி. அவர் பிறக்கும் முன்பே வழக்கம் தொடங்கிவிட்டது. 978-இல் தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டருக்கு அரசரானார், 1002-இல் அயர்லாந்தின் பேரரசரானார், 1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளியன்று குளோன்டார்ஃப் போரில் கொல்லப்பட்டார். அவருக்கு முன் அவருடைய டால் காஷ் குலம் அயர்லாந்து அரசியலில் பெரிய இடம் வகித்ததில்லை. வழித்தோன்றல்கள் அவர் பெயரைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். பேரரசர் பட்டத்துக்கு உரிமை கோர அந்தப் பெயரே ஆவணம்.

வடக்கு மன்ஸ்டரில், இன்றைய கிளேர், லிமெரிக் பகுதிகளில், அவர்கள் தோமண்ட் என்ற அரசை ஆண்டார்கள். 1168-இல் லிமெரிக்கின் புனித மரியாள் பேராலயத்தை நிறுவியவர் டோனல் மோர் ஓ'பிரையன். நார்மானியர் வந்த பிறகும் அந்த அரசு விழவில்லை. 1318-இல் டைசர்ட் ஓ'டே போரில் நார்மானியத் தலைவர் ரிச்சர்ட் டி கிளேர் கொல்லப்பட்டபின் ஆங்கிலேயர் அந்தப் பக்கத்தை நெடுங்காலம் நெருங்கவே முடியவில்லை. முடிவு வந்தது 1543-இல், போர் இல்லாமல். மர்ரோ ஓ'பிரையன் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியிடம் நிலத்தை ஒப்படைத்து அதையே மானியமாகத் திரும்பப் பெற்றார். குலத்தலைவருக்கு உரிய 'தி ஓ'பிரையன்' என்ற பட்டத்தை விட்டுவிட்டு, தோமண்டின் ஏர்ல், இன்ச்சிக்வின் பிரபு என்ற ஆங்கிலப் பட்டங்களை ஏற்றார். எனக்கு அந்தக் குடும்ப வரலாற்றிலேயே மிகத் துயரமான பக்கம் இதுதான்.

நூறு ஆண்டு கழித்து அதே வழியில் வந்த இன்னொரு மர்ரோ, 1647-இல் காஷெல் நகரைச் சூறையாடினார். ஐரிஷ் மக்கள் அவரை 'தீவைப்புகளின் மர்ரோ' என்றே இன்றும் சொல்கிறார்கள். காஷெல் பாறையைத் திருச்சபைக்குக் கொடையாகக் கொடுத்தவர் முன்னால் சொன்ன மர்டா, 1101-இல். ஒரே குடும்பம். எதிர்ப்பக்கத்திலும் அதே குடும்பத்தார் உண்டு. இன்ச்சிக்வின் பிரபுவின் தம்பியான வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன், பஞ்சத்தின் நடுவே 1848-இல் டிப்பெரரியின் பாலிங்கரியில் எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நாடுகடத்தலாக மாறி, டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். டப்ளின் ஓ'கானல் தெருவில் அவர் சிலை நிற்கிறது.

ஆனால் ஓ'பிரையன் எல்லோரும் இந்த வீட்டார் அல்லர். அரசரின் குடிகளாக, அண்டியவர்களாக இருந்து பெயரை ஏற்றவர்கள் உண்டு. ஓ ப்ரீன் என்ற வேறொரு குலப்பெயர் ஆங்கில எழுத்தர் கையில் சில இடங்களில் ஓ'பிரையன் ஆனது. டிப்பெரரியின் பாலிடாயில் குதிரைப் பயிற்சிக்கூடத்தைப் பாருங்கள். கார்க் மாவட்டத்து வின்சென்ட் ஓ'பிரையன், 1953, 54, 55 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிராண்ட் நேஷனல் பந்தயத்தையும், ஆறு முறை எப்சம் டெர்பியையும் வென்ற குதிரைகளைப் பயிற்றுவித்தவர். அவருக்குப் பின் அதே கூடத்தில் வந்து உலகப் புகழ் பெற்றவர் வெக்ஸ்ஃபோர்டில் பிறந்த எய்டன் ஓ'பிரையன். தொழில் ஒன்று, இடம் ஒன்று, பெயர் ஒன்று, உறவு கிடையாது.

இலக்கியத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஃபிளான் ஓ'பிரையன் என்பது புனைபெயர். அவர் பிரையன் ஓ'நோலன், அரசு ஊழியர். கடற்போர் நாவல்கள் எழுதிய பேட்ரிக் ஓ'பிரையன் இங்கிலாந்தில் ரஸ் என்ற குடும்பத்தில் பிறந்து, 1945-இல் பெயர் மாற்றிக்கொண்டவர். லிமெரிக்கைச் சேர்ந்த கேட் ஓ'பிரையன் பிறப்பால் அந்தப் பெயருக்கு உரியவர். பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 2011 மார்ச் 2 அன்று 50 பந்துகளில் நூறு அடித்து இங்கிலாந்தைத் தோற்கடித்த கெவின் ஓ'பிரையனை நம்மூரில் பலருக்கு நினைவிருக்கும். அந்த அணியில் ஆடிய நீல் ஓ'பிரையன் அவருடைய உடன்பிறந்த அண்ணன். கொல்கத்தாவில் வினாடி வினாவை வளர்த்த நீல் ஓ'பிரையன் வேறொருவர், நாடாளுமன்ற உறுப்பினர் டெரக் ஓ'பிரையனின் தந்தை, ஆங்கிலோ இந்தியர்.

உங்கள் நண்பருக்கு வருகிறேன். கேடயத்தை வாங்க வேண்டாம். செந்நிறப் பின்னணியில் மூன்று சிங்கங்கள் இருக்குமே, அது தோமண்ட் தலைமைக் குடும்பத்துடையது. மரபுச் சின்னம் தனிமனிதருக்கும் அவர் வாரிசுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு வழங்கப்படுவதில்லை.

அவர் தேடல் தோற்பதற்குக் காரணம், அயர்லாந்திலிருந்து தொடங்கியது. 1890-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளிலிருந்து பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மேத்தசன் எடுத்த கணக்கில் ஓ'பிரையன் நாட்டிலேயே ஆறாவது பெரிய பெயர். ஊரும் பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) தெரியாமல் அங்கே போனால் ஒரே பெயரில் ஆயிரம் பேர் வருவார்கள். இந்தியாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மதராஸ் மாகாணத்துக் கிறிஸ்தவ ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. கத்தோலிக்கர் பதிவுகளில் இடைவெளி அதிகம். அதனால் அந்தந்த ஊர்க் கோயிலின் மூலப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். திருமணப் பதிவில் தந்தை பெயரும் தொழிலும் கிடைத்தால் ஒரு தலைமுறை மேலே போகலாம்.

மேலே போகும்போது ஒரு படைவீரர் வந்து நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படை 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாளமானது, அதில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மதராஸ் படையின் ஆள்பதிவேடுகள் 'எல்/எம்ஐஎல்/11' வரிசையில் உள்ளன. படையில் சேரும்போது எழுதிய தாளில் பிறந்த பங்கும் மாவட்டமும் இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை தேடலும்.

அது கிடைத்தபின் அயர்லாந்து. அரசுப் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான் கதி, தேசிய நூலகம் 2015 முதல் அவற்றின் படங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக்காப்பகம் எரிந்தபோது எல்லாம் போய்விட்டது என்பார்கள். கத்தோலிக்கப் பதிவேடுகள் அங்கே இல்லை, அவை தப்பின. மேற்குப் பங்குகளில் அவை 1820-களுக்கு முன் போவது அரிது. பெயர்கள் லத்தீனில் இருக்கும், ஜேம்ஸ் ஜேகோபுஸ் ஆகவும் வில்லியம் குலியெல்முஸ் ஆகவும் வருவார்கள். 1855-இல் வந்த கிளேர் மாவட்டத்து கிரிஃபித் நிலமதிப்பீட்டை அந்த மாவட்ட நூலகம் இணையத்தில் தந்திருக்கிறது. அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும், மகன் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். முழுமையாகத் தப்பிய பழைய மக்கள்தொகைக் கணக்குகள் 1901-உம் 1911-உம். பத்தாண்டில் பதினைந்து வயது கூடியிருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, அதையொட்டிப் பலரின் வயது கணக்கில் ஏறியது.

தேடும்போது ஓ-வை விட்டும் தேட வேண்டும். ஆங்கில ஆட்சியில் பெரும்பாலான குடும்பங்கள் ஓ-வைத் தொலைத்தன. மேத்தசன் பட்டியலின் முதல் பத்துப் பெயர்களில் ஓ இருப்பது ஓ'பிரையனுக்கும் ஓ'நீலுக்கும் மட்டும். சல்லிவனும் கானரும் அன்று மொட்டையாகவே நிற்கிறார்கள். 1893-இல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற இயக்கம் தொடங்கியபின் பலர் ஓ-வைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். எனவே ஒரே மனிதர் ஞானஸ்நானத்தில் பிரையன், நிலமதிப்பீட்டில் பிரயன், 1911-இல் ஓ'பிரையன் என்று வரக்கூடும். கணினித் தேடலில் மேற்குறியோடு, மேற்குறியின்றி, இடைவெளியோடு, ஓ இல்லாமல் என்று நான்கு முறையாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்வழியைக் காட்டும் ஒய் குரோமோசோம் மரபணுச் சோதனை செய்வதாக இருந்தால் நண்பர் தன் எச்சிலைத் தந்து பயனில்லை. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது, அவரிடம் இருப்பது அவருடைய அப்பா வீட்டுடையது. ஓ'பிரையன் வழி தாய்மாமனிடமோ மாமன் மகனிடமோதான் இருக்கும். டால் காஷ் குலத்தோடு இணைத்துப் பார்க்கப்படும் அடையாளம் எல்226. அது கிடைத்தாலும் குலம் மட்டும் தெரியும், அரச குடும்பம் என்று ஆகிவிடாது. அதே குலத்தில் கென்னடி போன்ற வேறு பெயர்களும் உண்டு.

மாமாவைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் பழைய ஞானஸ்நானச் சீட்டு, திருமணச் சான்று, பைபிளின் முதல் பக்கம், ரயில்வே காகிதங்கள் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, திருத்தாமல் குறிக்க வேண்டும். மிகப் பழைய தாளில் ஓ இல்லாமல் இருந்தால், அயர்லாந்தில் முதலில் தேட வேண்டியது ஓ இல்லாத அந்த வடிவத்தைத்தான்.