வராமல் விட்ட வாக்கையும் தேடுங்கள்

கேள்வி: முன்பு பாராளுமன்றத்தில் இருந்த ஒருவர், அடுத்த மாகாண சபைத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லி, 'மக்கள் பாதுகாப்பே என் முதல் வேலை' என்று வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார். இந்த விஷயத்தில் அவர் இதுவரை எந்தப் பக்கம் நின்றார் என்பதை அரசாங்கப் பதிவுகளில் தேட முடியுமா? பொலிஸில் கேட்டால் சொல்வார்களா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: முடியும். ஆனால் பொலிஸில் தொடங்காதீர்கள். பாராளுமன்றத்தில் நடப்பதைப் பதிவு செய்யும் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சார்ட்டில் தொடங்குங்கள்.

'பாதுகாப்பு' என்று யாரும் எழுதலாம். அந்தச் சொல்லுக்குள் அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம், படுவான்கரையில் வயலுக்குள் வரும் யானை, இரவில் கல்முனை வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு எல்லாமே அடங்கும். ஆகவே முதலில் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல் தேடினால் நூறு பக்கம் கையில் சேரும், பதில் ஒன்றும் சேராது.

சட்டங்களைப் பற்றியதென்றால் மூன்று வாக்கெடுப்புகளைப் பாருங்கள். 2022 மார்ச் 22இல் பயங்கரவாதத் தடைச் சட்டத் திருத்தம்: ஆதரவாக 86, எதிராக 35. 2022 ஜூலை 27இல் அவசரகாலப் பிரகடனம்: 120க்கு 63. 2024 ஜனவரி 24இல் நிகழ்நிலைக் காப்பு (இணையவழிப் பாதுகாப்பு) சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு: 108க்கு 62. அந்தத் திகதிகளின் ஹன்சார்ட் பாராளுமன்ற இணையத்தளத்தில் பிடிஎப் கோப்பாக இருக்கிறது. பெயர் கூறி வாக்கெடுத்திருந்தால் ஆதரவு, எதிர்ப்பு என இரண்டு பெயர்ப் பட்டியல்கள் அச்சாகியிருக்கும்.

இப்போது அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 225 பேர் உள்ள சபையில் முதலாவதில் 121 பேரும், இரண்டாவதில் 183 பேரும், மூன்றாவதில் 170 பேரும்தான் வாக்களித்திருக்கிறார்கள். சபாநாயகரைக் கழித்தாலும், பயங்கரவாதத் தடைச் சட்டத் திருத்தத்தின்போது நூறுக்கு மேற்பட்டோர் எந்தப் பக்கமும் இல்லை. வராதவர்களுக்கென்று தனிப் பட்டியல் போடுவதில்லை. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம், திகாமடுல்லவுக்கு (அம்பாறை மாவட்டம்) ஏழு. அக்காலத்து உறுப்பினர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இரண்டு பட்டியல்களிலும் இருப்பவர்களை வெட்டிக்கொண்டு வாருங்கள். தேசியப்பட்டியலில் வந்தவர்களை மறக்க வேண்டாம். மிஞ்சும் பெயர்களில் உங்கள் வேட்பாளர் இருந்தால், 'அந்தச் சட்டத்தை நான் எதிர்த்தேன்' என்று அவர் மேடையில் சொல்வதற்குப் பதிவில் ஆதாரம் இல்லை.

உடனே குற்றம் சாட்டிவிடவும் கூடாது. அவருக்குச் சுகமில்லாமல் இருந்திருக்கலாம், வெளிநாட்டில் இருந்திருக்கலாம். அதே நாள் ஹன்சார்ட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். காலையில் எழுந்து கேள்வி கேட்டவர் மாலையில் வாக்கெடுப்பு மணி அடித்தபோது இல்லையென்றால், அவரிடம் விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் இதையே மிக முக்கியமான தேடல் என்பேன்.

இந்த வேலையில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முன்பக்கத்தில் 'பிழை திருத்தப்படாதது' என்றிருந்தால் அதை மேற்கோள் காட்டாதீர்கள். திருத்தப்பட்ட பதிப்பைத் தேடுங்கள். பேசிய மொழியிலேயே உரை அச்சாவதால், அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசியிருந்தால் தமிழில் தேடிக் கிடைக்காது. பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதை மட்டும் நம்பாமல், கண்ணால் பாருங்கள். சில முடிவுகள் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறும். உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்த தாக்குதல்களுக்குப் பின் 2019 ஏப்ரல் 24இல் அவசரகால நிலை அப்படித்தான் அங்கீகரிக்கப்பட்டது. அங்கே பெயர்ப் பட்டியல் இராது, உரைகள்தான் சாட்சி. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னொன்று. அதன்கீழ் முப்படைகளை ஒழுங்கு காக்க அழைக்கும் கட்டளை வர்த்தமானியில் வரும், சபையில் வாக்குக்கு வராது. அதைப் பற்றி அவர் எப்போதாவது வினா எழுப்பினாரா என்று வாய்மூல விடைக்கான வினாக்களிலும் ஒத்திவைப்புப் பிரேரணைகளிலும் பாருங்கள்.

யானை, மண் அகழ்வு, வீதி விபத்து போன்றவற்றுக்குக் கச்சேரிதான், அதாவது மாவட்டச் செயலகம்தான், இடம். மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் பொலிஸ் அதிகாரிகளும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். கூட்ட அறிக்கையும் வரவுப் பதிவும் மாவட்டச் செயலகத்தில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'எங்கள் பகுதியில் ஏன் யானைப் பிரச்சினை தீரவில்லை?' என்று கேட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் அது அபிப்பிராயம் கேட்பது. 'இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை நடந்த கூட்டங்களின் அறிக்கைகளில் காட்டு யானை, மண் அகழ்வு பற்றிய பக்கங்களின் பிரதியும் வரவுப் பதிவின் பிரதியும்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கையளித்ததும் பெற்றுக்கொண்டதற்கான எழுத்து வாங்குங்கள். அது இல்லாமல் மேன்முறையீட்டில் நாட்கணக்கைக் காட்ட முடியாது.

முடிவு சொல்லத் தகவல் அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. அதன்பின் பிரதி தர மேலும் 14 நாட்கள், தேவையெனில் நீடிப்பு. மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள், அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஒக்டோபர் 11இல் வேட்புமனு முடிந்து நவம்பர் 14இல் வாக்களிப்பு நடந்துவிட்டது. வேட்புமனுவுக்குப் பின் விண்ணப்பம் போட்டால் தேர்தல் முடிந்தபின்தான் கடிதம் வரும்.

பொலிஸ் விஷயம்: விசாரணையில் உள்ளதைக் கேட்டால் சட்டப்படியே மறுப்பார்கள். ஆண்டுவாரியான பாரதூரமான குற்றங்களின் எண்ணிக்கையைக் கேட்கலாம். ஆனால் பொலிஸ் பிரிவின் எல்லை தேர்தல் தொகுதியின் எல்லை அல்ல. முறைப்பாடு கூடியிருப்பது குற்றம் கூடியதாலா, மக்கள் துணிந்து முறையிட்டதாலா என்பதை அந்த எண் சொல்லாது. அதை வைத்து ஒரு வேட்பாளரைப் புகழவோ இகழவோ வேண்டாம்.

கடைசியாக, அவர் நிற்கப்போவது மாகாண சபைக்கு. பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியிருந்தாலும் பொலிஸ் அதிகாரம் மாகாணத்தின் கைக்கு வரவில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமே 2017இல் முடிந்துவிட்டது. கட்டாக்காலி மாடு பிடிப்பதும் தெருவிளக்குப் போடுவதும் பிரதேச சபையின் வேலை. ஆகவே அவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். இல்லாத பொலிஸ் அதிகாரத்தை வைத்து எப்படிப் பாதுகாப்பீர்கள்? இன்ன திகதி ஹன்சார்ட்டில், இன்ன நிரலில் (இலக்கமிட்ட பத்தியில்), உங்கள் பெயர் ஏன் இல்லை? நிரல் இலக்கத்தையும் எழுதி, அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேள்வியோடு இணைத்துக் கொடுங்கள்.