கையெழுத்துப் போட்ட தாள் எங்கே?

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் மேல் பத்துப் பாடல்கள் எழுதினேன். 2017 இல் ஒரு ஒலிப்பதிவு நிறுவனத்தார் வீட்டுக்கே வந்து ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, இரண்டு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் படித்துப் பார்க்கவில்லை, நகலும் வாங்கவில்லை. இப்போது பாடல்கள் யூடியூபில் சக்கைப்போடு போடுவதாகச் சிங்கப்பூரிலிருந்து மருமகன் போன் செய்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. நான் பதிப்புரிமை பதிவு செய்யாததுதான் தப்பா? கையெழுத்துப் பிரதியை எனக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் செல்லும் என்கிறார் நண்பர். உண்மையா? (இரண்டு பாடல்களைப் பிரபல சினிமா மெட்டில் அமைத்திருந்தேன். அவைதான் அதிகம் ஓடுகின்றன.)

– பெயர் வேண்டாம், வலங்கைமான்

பதில்: பாட்டில் பெயர் போடவில்லை என்று வருந்துகிற நீங்களே, கேள்வியில் பெயர் போடாதீர்கள் என்கிறீர்கள். சரி, போகட்டும்.

பதிவு செய்யாதது தப்பே இல்லை. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்தபோதே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயுள் வரைக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது இருக்கும். பதிவு என்பது வழக்கு என்று வந்தால் கை கொடுக்கும் சாட்சி, அவ்வளவுதான். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பிரிக்காத உறையைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தபாலை உங்களுக்கு அனுப்பாமல் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உள்ளே ஒரே ஒரு கேள்வி போதும்: நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் எங்கே?

உங்கள் விஷயம் முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது. காவிரிப் பாசனத்தில் கால் காணி விற்றாலும் நான்கெல்லை எழுதாமல் கையெழுத்துப் போடுவோமா? பாட்டு என்றால் மட்டும் குடிக்கக் காபி கொடுத்து அனுப்பிவைக்கிறோம். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடவில்லை என்றால் ஐந்தே ஆண்டு. நாடு குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். உங்கள் தாளில் காலம் எழுதப்படவில்லை என்றால் 2022 இலேயே உரிமை உங்களிடம் திரும்பிவிட்டது. அதன்பிறகு ஓடுவதெல்லாம் அனுமதியில்லாமல் ஓடுகிறது. எல்லை எழுதவில்லை என்றால் உங்கள் மருமகன் சிங்கப்பூரில் கேட்டதற்கு அனுமதி எப்போதுமே கிடையாது. தாளையே அவர்களால் காட்ட முடியவில்லை என்றால் இன்னும் நல்லது.

‘முழு உரிமையும் நிரந்தரமாக’ என்று எழுதியிருந்தால்? அப்போதும் சோர்ந்து போகாதீர்கள். 2012 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திரைப்படத்தில் சேராத ஒலிப்பதிவுக்குப் பாட்டு எழுதியவர், உரிமையை வாங்கியவரோடு சமமாக ராயல்டி (பாட்டைப் பயன்படுத்தும்போது எழுதியவருக்குச் சேரும் தொகை) பெறும் பங்கை வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது. கொடுத்தாலும் செல்லாது. ஐயாயிரத்தோடு கணக்கு முடிந்தது என்று அவர்கள் சொன்னால் இதைச் சொல்லுங்கள். பெயர் விஷயம் அதைவிடச் சுலபம். உரிமையை விற்ற பிறகும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57 ஆம் பிரிவின்படி எழுதியவரிடமே இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் தீர்ந்தவர் பாடையில் பிணம்போலப் படுக்க, உறவுக்காரர்கள் சுமந்து கோயிலைச் சுற்றிவரும் உங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழா யாருடைய சொத்தும் அல்ல. அடுத்த தெருக்காரர் அதையே தன் வரிகளில் எழுதினால் நீங்கள் தடுக்க முடியாது. சட்டம் காப்பது கருத்தை அல்ல, அதை நீங்கள் சொன்ன விதத்தை. வேப்பிலைக்கும் தீச்சட்டிக்கும் பட்டா கிடையாது.

அப்புறம், அடைப்புக்குறிக்குள் நைசாகச் சொன்ன அந்த இரண்டு பாட்டு. வரி உங்களுடையது, மெட்டு இன்னொருவருடையது. கோயில் திருவிழாவில், வழிபாட்டின்போது அவற்றைப் பாடினால் குற்றமில்லை. உண்மையான சமயச் சடங்குக்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. பதிவு செய்து விற்பதும் யூடியூபில் ஏற்றிக் காசு பார்ப்பதும் அந்த விலக்கில் வராது. திருவையாற்றில் 1847 இல் சமாதியான தியாகராஜரின் கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடலாம். அதை இன்றைக்கு ஒருவர் பாடிப் பதிவு செய்தால், அந்தப் பதிவை எடுத்து நீங்கள் விற்க முடியாது. சினிமா மெட்டு விஷயத்தில் நீங்கள் நிற்பது, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர் நிற்கிற அதே இடத்தில்தான்.

மூன்று வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்றெல்லாம் சட்டத்தில் உண்டு. அதை வைத்து யாரையும் மிரட்டப் போகாதீர்கள். தாள் கைக்கு வரும்வரை யூடியூபில் புகார் படிவத்தையும் நிரப்ப வேண்டாம். உரிமையை நிஜமாகவே விற்றிருந்தால் அது உங்கள் மேலேயே திரும்பும். வழக்குத்தான் என்று ஆனால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே போடச் சட்டத்தில் இடமுண்டு. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அந்த இரண்டு பாட்டைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வாயால் அவர் தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லதில்லை.