வாசகர் கேள்விகள்: கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

கேள்வி: பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதிவதற்கு முன்பு காரைக்குடி, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் சில கல்லூரிகளை நேரில் பார்த்து வரலாம் என்று அப்பச்சி சொல்கிறார்கள். அங்கே யாரிடம் என்ன கேட்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அப்பத்தாவோ விடுதியை மட்டும் நன்றாகப் பார்த்து வா என்கிறார்கள்.
– மாணவி, தேவகோட்டை

பதில்: நம் பகுதியில் பழைய வீடு வாங்க வரும் வெளியூர்க்காரர்கள் முகப்புத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்த்து மயங்கி நிற்பார்கள். உள்ளூர்க்காரரோ நேரே இரண்டாம் கட்டுக்குப் போய், ஓடு ஒழுகுகிறதா, உத்தரத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். கல்லூரியின் வரவேற்பறையும் ஒரு முகப்புதான். அங்கே அப்பச்சி பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் மதிய உணவு வேளையில் வெளியே வந்து, நீங்கள் சேர விரும்பும் அதே துறையின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் பேச்சுக் கொடுங்கள். செமஸ்டர் தேர்வு நடக்கும் நாளானாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.

வாசலிலேயே ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்ற பலகை உங்களை வரவேற்கும். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று கேளுங்கள் என்கிறேன். உதாரணமாக, ஒரு துறையில் 120 மாணவர்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரியர் வைத்திருப்பவர்களையும் மேற்படிப்புக்குச் செல்வதாகச் சொன்னவர்களையும் கழித்துவிட்டு, 60 பேர் மட்டுமே தகுதியுடையவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். வந்த பணி ஆணைகளும் 60. ஆனால் அவற்றில் 20 மாணவர்கள் ஆளுக்கு இரண்டு ஆணைகள் பெற்றிருக்கிறார்கள். பலகையில் நூறு சதவீதம் ஏறிவிடும். உண்மையில் வேலை கிடைத்தவர்கள் 120 பேரில் 40 பேர். எனவே உங்கள் துறையில் கடந்த ஆண்டு படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆள் கணக்காகவே கேளுங்கள். சம்பளத்திலும், முதலிடம் பெற்ற ஒருவரின் தொகையை விட்டுவிட்டு, எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், படிப்பை முடித்தவர், வேலை பெற்றவர், நடுவில் நிற்பவரின் இடைநிலைச் சம்பளம் ஆகியவற்றைத் தம் இணையதளத்திலும் வெளியிடுகின்றன. புறப்படுவதற்கு முன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கடைக் கணக்கில் ஊறிய ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

தரச்சான்றைப் பற்றிக் கேட்கும்போது ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவான நாக் தரும் தரநிலை கல்லூரி முழுவதற்கும் வழங்கப்படுவது, தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தரும் சான்று ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. மெக்கானிக்கலுக்குக் கிடைத்த சான்று, சென்ற ஆண்டு தொடங்கிய புதிய பிரிவுக்குப் பொருந்தாது.

ஆசிரியர்களைப் பற்றி அலுவலகத்தில் கேட்டால் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தைச் சொல்வார்கள். மாணவிகளிடமோ, செமஸ்டர் நடுவில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள். ஆய்வகத்தைக் காட்டும்போது ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்றும், வேடிக்கை பார்க்காமல் தாமே கைவைத்துச் செய்த சோதனைகள் எத்தனை என்றும் கேளுங்கள். புராஜெக்டை எங்கே செய்தார்கள் என்பதும் முக்கியம். காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையம் பக்கத்தில் இருந்தும் கல்லூரி மாணவர்கள் அதன் வாசலை மிதித்ததில்லை என்றால், அருகில் இருப்பதால் உங்களுக்கு என்ன பயன்?

அப்பத்தாவுக்காக விடுதியையும் பாருங்கள். கோடையில் தண்ணீர் வருகிறதா, உணவுக்கட்டணம் ஆண்டுக்கா மாதத்துக்கா என்ற இரண்டும் போதும். சாப்பாடு எங்கேயும் நம் வீட்டைப் போல் இருக்காது.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். நாங்கள் பார்க்கச் சென்ற ஒரு கல்லூரியில், இன்றே முன்பணம் கட்டி அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் என்கிறார்கள். கட்டிவிடலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம், ஐயா. உங்கள் மகனுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் பொறியியலுக்கும் பொருந்தும் இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். இன்று அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால், அரசு கட்டவிருக்கும் பணத்தை நீங்கள் கட்டியவராவீர்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை கேட்பது 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். எந்தத் தொகைக்கும் ரசீது தருவீர்களா, அதில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.