ஊசி போட்ட உடம்பும் 'நில்' என்ற ரிப்போர்ட்டும்

கேள்வி: வயது 31. கல்யாணமாகி இரண்டரை வருஷம், குழந்தை இல்லை. மனைவிக்கு ஸ்கேன், டியூப் (கருக்குழாய்) டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. குறை ஒன்றுமில்லை என்றாலும் ஆறு மாதமாக முட்டை வளர மாத்திரை சாப்பிடுகிறாள். போன மாதம்தான் எனக்கு விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். எண்ணிக்கைக்கு நேரே 'நில்' (nil, பூஜ்யம்) என்று இருக்கிறது. ஜிம் டிரெய்னர் சொல்லி ஒரு வருஷமாக வாரம் இரண்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 1,400, எல்.எச். 0.1, எஃப்.எஸ்.எச். 0.2. ஆண் ஹார்மோன் இவ்வளவு இருந்தும் விந்தணு எப்படி இல்லாமல் போகும்? புரோட்டீன் பவுடர் காரணமா? விதைகளும் சிறுத்த மாதிரி தெரிகிறது. இனி வாய்ப்பே இல்லையா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

ஹார்மோன் இவ்வளவு ஏறியதால்தான் விந்தணு இல்லாமல் போனது. உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். அந்த மோட்டார் குழாயிலிருந்தே தோட்டத்துக்கும் ஒரு லைன் பிரிகிறது என்று வையுங்கள். இப்போது யாரோ தினமும் லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுகிறார்கள். தொட்டி தளும்புகிறது, மோட்டார் ஓடவே இல்லை, கீழே தோட்டம் காய்ந்துபோகிறது. உங்கள் 1,400 அந்த லாரித் தண்ணீர்.

சென்சார் இருப்பது மூளையின் அடிப்பகுதியில். ஹைப்போதலாமஸ் என்ற இடம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு ஹார்மோனை விடுகிறது. (இந்த ஒரு சொட்டு என்னவென்று கண்டுபிடிக்க கில்மின் என்ற விஞ்ஞானி ஆட்டு மூளைகளையும் ஷாலி என்ற விஞ்ஞானி பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தார்கள், 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு.) அந்தச் சொட்டு கிடைத்ததும் பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்பும். உங்கள் மனைவிக்கு மாதாமாதம் முட்டை வளர்வதும் வெடிப்பதும் இதே இரண்டால்தான். ஆணுக்கு எல்.எச். போய் விதையைத் தட்டினால் விதை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணுவை வளர்த்தெடுக்கும் செல்களைத் தூண்டும்.

விதைக்குள் இருக்கவேண்டிய டெஸ்டோஸ்டிரோனின் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு. அவ்வளவு இருந்தால்தான் விந்தணு உருவாகும். கையிலோ இடுப்பிலோ போட்ட ஊசி ரத்தத்தை நிரப்புமே தவிர, விதைக்குள் அந்த அளவைக் கொண்டுவர அதனால் ஆகாது. ரத்தத்தில் நிறைந்து கிடப்பதைப் பார்த்த மூளை எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் நிறுத்திவிட்டது. அதுதான் உங்கள் 0.1, 0.2. 'நில்' என்பதைத் தமிழாகவே படித்தாலும் தப்பில்லை: மேலே இருந்து நில் என்று உத்தரவு போயிருக்கிறது, கீழே வேலை நின்றிருக்கிறது. விதையின் பருமனில் பெரும்பகுதி விந்தணு உருவாகும் நுண்குழாய்கள்தான். அவை வேலையில்லாமல் சுருங்கியதால் விதையும் சிறுத்திருக்கிறது.

பெண்களின் கருத்தடை மாத்திரையும் இதே வழியில்தான் முட்டையை நிறுத்துகிறது. ஆணுக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோனையே சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யமானது. குழந்தை வேண்டும் என்று ஒரு பக்கம் மனைவிக்கு மாத்திரை, மறுபக்கம் நீங்கள் ஒரு வருஷமாக ஆண் கருத்தடை ஊசியில் இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் எண்கள் ஊசியின் விளைவோடு பொருந்துகின்றன என்பதுதான் எனக்கு ஆறுதல். வழக்கமாக விதையே பழுதானால் மூளை இன்னும் உரக்கக் கத்தும், எஃப்.எஸ்.எச். ஏறும்; ஆனால் ஊசியின் விளைவு இருக்கும்வரை அதை நம்பிச் சொல்லமுடியாது, அது தீர்ந்தபின் மறுபடி பார்க்கவேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு உத்தரவுதான் நின்றிருக்கிறது என்று தெரிகிறது. கருத்தடை ஆய்வுகளில் ஊசியை நிறுத்தியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்திலும் எண்ணிக்கை திரும்பியது; மிச்சமிருந்தவர்களுக்கு இரண்டு வருஷம் வரை ஆனது. ஜிம்மில் போடும் அளவு அதைவிட அதிகம், பல மருந்துகளைக் கலந்தும் போடுகிறார்கள். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகலாம். ஒரு விந்தணு உருவாகி முடிக்கவே சுமார் இரண்டரை மாதம் ஆகும். ஆகவே வாராவாரம் டெஸ்ட் எடுத்துப் பார்த்து நொந்துபோக வேண்டாம். 'நில்' என்பதை உறுதிசெய்ய இப்போது ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாதிரி கொடுக்கும்முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி இருக்கட்டும்.

இடையில் வரப்போகும் சோதனைக் காலம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். லாரித் தண்ணீர் தீர்ந்து, மோட்டார் இன்னும் ஓடத் தொடங்காத சில வாரங்கள் அல்லது மாதங்கள் வரும். அசதி, எரிச்சல், மனச்சோர்வு, ஆசை குறைவது, உடம்பு இறங்குவது எல்லாம் அப்போதுதான். "ஒரே ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று டிரெய்னர் சொல்வார். சரியாகத்தான் தோன்றும், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மனச்சோர்வு தாங்கமுடியாத அளவுக்குப் போனால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

மோட்டாரைத் தட்டி எழுப்ப மருந்துகள் உண்டு. க்ளோமிஃபீன் மாத்திரை மூளையின் சென்சாரை ஏமாற்றி எல்.எச்.சைக் கூட்டும். எச்.சி.ஜி. ஊசி எல்.எச். போலவே விதையைத் தட்டும். கர்ப்பம் பார்க்கும் கார்டில் கோடு விழச் செய்வதும் அதே எச்.சி.ஜி.தான். யாருக்கு எது, எப்போது என்பதை ஹார்மோன் மருத்துவரோ ஆண்கள் பிரச்சினை பார்க்கும் சிறுநீரக மருத்துவரோதான் முடிவுசெய்ய வேண்டும். 'சைக்கிள் (ஊசி போடும் சுற்று) முடிந்ததும் போடுவது' என்று ஜிம்மில் யாரோ நீட்டுவதை வாங்காதீர்கள்.

பவுடர்? வெறும் பால்புரதம் விந்தணுவை ஒன்றும் செய்யாது. ஆனால் சீக்கிரம் உடம்பு ஏறவேண்டும் என்பதற்காகச் சில டப்பாக்களில் டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலப்பதும் நடக்கிறது. இப்போதைக்கு முட்டையும் சுண்டலும் போதும்.

கடைசியாக உங்கள் மனைவி. டியூப் டெஸ்ட் வலியை அவர் தாங்கியிருக்கிறார். விந்துப் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பாவும் கொஞ்ச நேரமும் போதும். அதை முதலிலேயே செய்யாமல் பெண்ணையே அலையவிடும் வழக்கம் எங்கள் தொழிலிலும் இருக்கிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு எண்ணிக்கை வரும்வரை அவர் மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. நிறுத்தலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். ஊசி விஷயத்தை மனைவியிடமும், முடிந்தால் உங்கள் அம்மாவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு, காலி ஊசிப்புட்டியோ அட்டைப்பெட்டியோ கிடந்தால் எடுத்துப் போங்கள். சில மருந்துகள் உடம்பில் மாதக்கணக்கில் தங்கும், நீங்கள் போட்டது எது என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் காத்திருப்பது என்று டாக்டர் சொல்லமுடியும்.